விளக்கை அணைக்கச் சொன்ன குரல்

பேருந்து நிலையத்தில் வெகுகாலம் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதையெல்லாம் ஊர் அவள் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டது. முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. கடையில் நின்று ஒரு விலை கேட்டால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "அட, நீங்கதானா அது?" என்பார்.

அவள் கணவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று வைத்திருந்தார். ஊரில் அவருக்கு மைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட ஊருக்குக் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். ஆனால் இருவரும் வீட்டுக்குள் அதிகம் பேச மாட்டார்கள். பகல் முழுக்கச் சத்தத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே பெரிய சுகமாக இருந்தது.

பறவைப் பித்து அவளுக்குத்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே, சதுப்பு நிலத்தை ஒட்டி, உச்சி முதல் அடிவரை கண்ணாடி போர்த்திய அடுக்குமாடி எழும்பிய வருடம் அது தொற்றிக்கொண்டது. காலை முறை வேலைக்குப் போகும்போது கட்டடத்தின் அடியில் உள்ளங்கை அளவுப் பறவைகள் செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். ஊரில் அதுவரை பார்த்திராத பறவைகள். ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்து, பறவைச் சங்கம் நடத்திவந்த பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

குளிர் தேசத்திலிருந்து கடல் தாண்டி வருகிற பறவை அது என்றார் டாக்டரம்மா. இப்படிப்பட்டவை இரவில்தான் பறக்கும், நட்சத்திரம் பார்த்துத்தான் வழி பிடிக்கும். நம் ஊர்ச் சதுப்பில் இறங்கி, நாலு நாள் தின்று தெம்பேற்றிக்கொண்டு மேலே போகும். அந்த மாடி உச்சியில் எரிகிற பெரிய விளக்கு வரிசை அவற்றின் கண்ணைக் கட்டிவிடுகிறது. வெளிச்சத்தையே சுற்றிச் சுற்றி வந்து, களைத்துப்போய்க் கண்ணாடியில் மோதிச் சாகின்றன. இத்தனையையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

அந்த வருடமே சங்கத்துக்காக அவள் குரலில் ஓர் அறிவிப்பு பதிவானது. வீட்டின் பின்னறையில், ஜன்னலில் போர்வை கட்டி, மைக்காரர்தான் பதிவு செய்தார். "வெளியூர்ப் பறவைங்க நம்ம ஊர் வழியாப் போற மாசம் இது. மாடி விளக்குங்களை ராத்திரி அணைச்சு வையுங்க. சதுப்புல குப்பை கொட்டாதீங்க, வலை கட்டாதீங்க. அதுங்க இருக்கப் போறதில்ல, போய்க்கிட்டே இருக்கிறதுங்க. வழி மட்டும் விடுங்க." பேசி முடித்து, ஒரு மூச்சு விட்டு, அவரைப் பார்த்து, "போதுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியும் பதிவில் சேர்ந்துவிட்டது. வெட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. மைக்காரர் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட, கடைசியில் அது அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு பருவத்திலும் வேன் தெருத்தெருவாகப் போனது. குழாயிலிருந்து "போதுமா?" வந்ததும் பிள்ளைகள், "போதும், போதும்!" என்று வண்டி பின்னால் ஓடினார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். விளக்கை மட்டும் யாரும் அணைக்கவில்லை. இதற்கிடையில் மகளுக்குக் கல்யாணமாகி, அவளும் மாப்பிள்ளையும் அதே கண்ணாடி மாடியில் ஆறாம் தளத்தில் குடியேறினார்கள். தாயும் மகளும் அதைப் பற்றி ஒருமுறை முட்டிக்கொண்டு, பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. மருத்துவமனைக்கு நடந்து போனவள் திரும்பி வரவில்லை. மகள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், அப்பாவின் மாத்திரைகளை எடுத்து வைத்தாள். கல்லாகிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

மறுபடி பறவைப் பருவம் வந்தது. டாக்டரம்மா தயங்கித் தயங்கி வந்து, வேறு குரலில் பதிவு செய்துவிடலாமா என்று கேட்டார். மைக்காரர் வேண்டாம் என்றார். வெளியே சொல்லாத காரணம் ஒன்று அவருக்கு இருந்தது. அவள் போன பிறகு அந்தப் பதிவை அவர் போட்டுக் கேட்கவில்லை. தனியாகக் கேட்கத் துணிவில்லை. தெருவில், வெயிலில், நாலு பேர் நடமாட்டத்துக்கு நடுவில் என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

முதல் தெருவிலேயே அவர் கணக்கு தப்பிப்போனது. குழாயில் அவள் குரல் எழுந்ததும் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் ஈரத்துணியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அந்தக் குரலுக்கு உரியவள் போய்விட்டாள் என்பது ஊருக்கே தெரியும். "போதுமா?" என்று குழாய் கேட்டபோது பிள்ளைகள் வண்டி பின்னால் ஓடாமல் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். மைக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே, அந்தத் தெரு முடிவதற்குள் இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பும் வந்தது. வண்டியை மெதுவாக்கினார்.

அதன் பிறகு அவர் சங்கம் சொன்ன தெருக்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. போகாத சந்திலெல்லாம் நுழைந்தார். ஒரே தெருவைத் திரும்பத் திரும்பச் சுற்றினார். பறவைக்காகத்தான் சுற்றுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணாடி மாடியின் கீழே வண்டியை நிறுத்தி, குழாயை மேலே திருப்பி வைத்தார்.

மகள் இறங்கி வந்தாள். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அப்பா, இந்தத் தெருவுக்கு மட்டும் வராதீங்க. சமையலறைல நிக்கிறப்ப அம்மா கீழ நின்னு கூப்பிடுற மாதிரி இருக்கு. ரெண்டு தடவை செருப்பை மாட்டிக்கிட்டுப் படி வரைக்கும் வந்துட்டேன்."

சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் அடுத்த நாளும் வந்தார்.

மூடுபனி கவிந்த ஒரு காலையில் மாடியின் காவலாளி அவருக்குப் போன் செய்தார். மைக்காரர் மனைவி இருந்தவரை அவளுக்குத்தான் சொல்வாராம், இப்போது வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றார். மைக்காரர் போய்ப் பார்த்தார். கார்கள் நிற்கும் இடம் முழுக்கப் பறவைகள். கார் கூரையில், தொட்டிச் செடியில், வடிகால் கம்பியில், எங்கு பார்த்தாலும். மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகுமாக, உதிர்த்துப் போட்டதுபோலக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார். எடையே இல்லை. இன்னும் சூடு இருந்தது. இத்தனை வருடம் வண்டி ஓட்டியவர், அவள் கைக்குட்டையில் என்ன கொண்டுவந்தாள் என்று ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

நிமிர்ந்தபோது மகள் எதிரே குந்தியிருந்தாள். முந்தானையில் பறவைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நடைப்பயிற்சிக்கு இறங்கி வந்தார். பார்த்தார். பாவம்தான் என்றார். பெருக்குகிற பெண்மணி வருவதற்கு முன்பே தன் காரை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று கவலைப்பட்டார். விளக்கைப் பற்றி மகள் கேட்டதற்கு, அந்த வெளிச்சத்தால்தான் கட்டடத்துக்கே மதிப்பு, பறவைக்காக இருட்டில் உட்கார முடியுமா என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மைக்காரர் அன்று பகல் முழுக்க அவள் குரலைப் போட்டபடி அந்த மாடியைச் சுற்றினார். மகள் தடுக்கவில்லை.

இரண்டொரு நாளில் மாடிக்குள் வேறொரு பேச்சு கிளம்பியது. நாலாம் தளத்துப் பெரியவர் லிப்டுக்குக் காத்து நின்றபோது, கதவுக்குப் பின்னாலிருந்து "போதுமா?" என்று கேட்டதாம். ஒரு கல்லூரி மாணவி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே கேட்டாள். ஒரு கைக்குழந்தை யாருமில்லாத மூலையைப் பார்த்து வீரிட்டு அழுதது. அந்த நேரங்களில் வேன் ஊரின் மறுகோடியில் இருந்தது, சில சமயம் மைக்காரர் வீட்டு வாசலிலேயே நின்றது. செயலாளர் அதையெல்லாம் பிரமை என்றார். பிறகு ஒருநாள் கார் நிறுத்துமிடத்திலிருந்து முகம் வெளிறி மேலே ஓடிவந்தார். என்ன கேட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் கூடியது.

கூட்டத்திலிருந்து மகள் நேரே அப்பா வீட்டுக்கு வந்தாள். டாக்டரம்மாவும் அங்கே இருந்தார். மகள் உட்காராமலே சொன்னாள்:

"விளக்கை அணைக்கிறாங்களாம் அப்பா. இந்தப் பருவம் மட்டுமில்ல, வருசா வருசம். உச்சி விளக்கு, மாடிப்படி விளக்கு, எல்லாம். எழுதியே தர்றாங்க. ஆனா அம்மா குரலை நீங்க இனிமே எங்கயும் போடக் கூடாதாம். நீங்க போடப் போடத்தான் அது உள்ள வருதுன்னு சொல்றாங்க."

மைக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பறவைகள் செத்து விழுந்தபோது அசையாதவர்கள் இப்போது பயந்துபோய் அணைக்கிறார்கள், அவள் சொன்னதற்கு அங்கே என்ன மரியாதை என்று கேட்டார். பேய் ஓட்டுவதுபோல அவளை ஓட்டுகிறார்கள் என்றார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, ஏன் அணைச்சாங்கன்னு எந்தப் பறவையும் கேக்கப் போறதில்ல," என்றார் டாக்டரம்மா.

மைக்காரர் மகளைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கும் கேட்டுச்சு அப்பா. வண்டி இல்லாத நேரத்துல. எனக்குப் பயமா இல்ல. ஆனா அம்மா இன்னும் வேலை பாத்துக்கிட்டே இருக்காங்க. இறந்தப்புறமும் விடமாட்டீங்களா அவங்களை?"

மைக்காரர் எழுந்து பின்னறைக்குப் போனார். அவள் பேச உட்கார்ந்த நாற்காலி அங்கேயே இருந்தது. சற்று நேரம் அதன் எதிரே நின்றார். வண்டிக்குப் போய்ப் பதிவை எடுத்துவந்து, அவள் புடவைகள் இருந்த அலமாரியில், மடிப்புக்கு அடியில் வைத்து மூடினார்.

மறுநாள் வேன் கிளம்பியது. மைக்கை அவரே பிடித்தார். அவர் குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கும், அது அவருக்கே தெரியும். முதல் தெருவில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சதுப்பு என்று சொல்ல வந்து தடுமாறினார். பெட்டிக்கடைக்காரர் ஒருவர், மைக் நல்லா இருக்கு, ஆளைத்தான் மாத்தணும் என்றார். மைக்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. அந்தக் கடைக்காரரே மாலையில் தன் கடை விளம்பரப் பலகையின் விளக்கைச் சீக்கிரம் அணைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்.

விளக்கை அணைப்பதாகச் சொன்ன நாளில், பொழுது சாய்ந்ததும், அவர் கண்ணாடி மாடியின் கீழே போய் நின்றார். வழக்கமாக அந்த நேரத்தில் உச்சி வரிசை பளிச்சென்று எரிய ஆரம்பித்து, தெருவே மஞ்சளாகிவிடும். இன்று எரியவில்லை. ஒவ்வொரு தளமாகத் திரைகள் இழுபட்டன. உள்ளே பேசுகிறவர்கள்கூடத் தணிந்து பேசினார்கள், துக்க வீட்டில் பேசுவதுபோல. பால்கனியில் செயலாளர் நின்றிருப்பது நிழலாகத் தெரிந்தது. அவர் கீழே பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை.

மகள் படியிறங்கி வந்து அவர் பக்கத்தில், வண்டிப் படியில் உட்கார்ந்தாள். கட்டடம் இருட்டில் கரைந்துபோனது. அங்கே ஒன்று நிற்கிறது என்பதே, நட்சத்திரங்கள் இல்லாத இடத்தை வைத்துத்தான் தெரிந்தது. மேலே மிக மெல்லிய சத்தங்கள் வர ஆரம்பித்தன. ஒன்று கூப்பிட்டது, தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. பிறகு பலவாகின. வடக்கிலிருந்து வந்து, மாடிக்கு மேலே நிற்காமல், சதுப்பின் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தன.

மகள் அழ ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு குலுங்கிக் குலுங்கி. இத்தனை மாதம் தேக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. மைக்காரர் அவள் முதுகில் கை வைத்தார். மேலே அந்தச் சின்னக் குரல்கள் குறையவே இல்லை. எத்தனை என்று அவருக்குத் தெரியவில்லை, ஒன்றையும் கண்ணால் காணவும் முடியவில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தார்.