காப்புக் கட்டிய கிழமையில் ஒரு கூட்டம்

யோகலிங்கத்துக்கு மண்டைக்குள் களிமண்தான். எங்கள் சல்லிக் கிராமத்து மீனவர் சங்கத் தலைவர் என்றாலும் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன், நான் சொல்லலாம்.

எங்கள் கருவாட்டுக் கரையை அடைத்து ஹோட்டல்காரருக்குப் படகுத்துறை கட்டப்போகிறார்கள். அதற்கு முன் சனத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமாம். எப்போது வரலாம் என்று கேட்ட அதிகாரிகளிடம் அண்ணன், "அம்மன் பொங்கல் கிழமை வாங்கோ. ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டினம், முழுச் சனமும் நிக்கும்" என்றார்.

சனம் நின்றது உண்மைதான். கோயில் மண்டபத்தில் இருக்கக் கதிரை போதவில்லை. ஆனால் அம்மனுக்குக் காப்புக் கட்டினால், பொங்கல் முடியும்வரை சல்லியில் யாரும் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை. எதிர்த்துக் கதைப்பதே குற்றம். புருஷன் செத்தபின் அந்தக் கரையில் மீன் காயவைத்துத்தான் மகள் தனுஷிகாவைப் படிப்பிக்கிறேன். எனக்கு வாய் நிறைய ஏச்சு இருந்தது, கையில் மஞ்சள் காப்பும் இருந்தது. துறையின் படத்தைக் காட்டிய பெரிய அதிகாரி "ஆட்சேபனை இருக்கோ?" என்றபோது நிலத்தைப் பார்த்தேன். பிறகு அவர்களுக்கு வாழையிலையில் பொங்கலும் கொடுத்தோம். வந்தவர்களைச் சும்மா அனுப்புவதா?

பின்வரிசையில் ரிஸ்லா என்ற, கிண்ணியா ஊர் முஸ்லிம் பிள்ளை இருந்தாள். சனம் எவ்வளவு நன்றாகப் பங்குபற்றியது என்று அளந்து புள்ளி போடுவது அவள் வேலையாம். இதையெல்லாமா அளப்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பொங்கல் முடிந்தது. காப்பை அவிழ்த்த கையோடு பஸ் ஏறி, டவுனில் அவள் வேலை செய்கிற கந்தோருக்குப் போனேன்.

"பிள்ளை, எங்களுக்கு அந்தத் துறை வேண்டாம்!" என்று கத்தினேன்.

"அண்டைக்கி ஏன் சொல்லல்ல அக்கா?"

"காப்புக் கட்டியிருந்தனான். எப்பிடி எதிர்த்துக் கதைக்கிறது?"

அவள் முகம் வெளிறிப்போனது.

"நிறைய ஆக்கள் வந்தாங்க, கடைசிமட்டும் இருந்தாங்க, ஒரு சத்தமில்ல, சாப்பாடும் தந்தீங்க. உங்கட கூட்டத்துக்குத்தான் ஆகக் கூடின புள்ளி. புள்ளி குறைஞ்சிருந்தா கூட்டத்தைத் திரும்ப வைக்கச் சொல்லியிருப்பன். இனி ஏலாது அக்கா. அனுமதி குடுத்துட்டாங்க."

நாசமாய்ப் போன புள்ளி! அவளை ஏசத்தான் போனேன். அவள் கண்ணீரைப் பார்த்ததும் ஏச மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது, நான் மீன் பரப்புகிற மணலில் கம்பித்தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பொங்கல் முடிந்தும் அவர் கையில் காப்பு இன்னும் அவிழ்க்காமல் கிடந்தது. மீன் வெட்டுகிற கத்தியால் அதை அறுத்தேன்.

"இனிக் கதையுங்கோ அண்ணை. நல்லாக் கத்திக் கதையுங்கோ!"

அவர் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மணலில் குந்தி அழத் தொடங்கினார்.