லாம்

என் வேலை பிழை பார்ப்பது. அட்டைப்பெட்டி அச்சடிக்கும் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாக அதுதான். மருந்துப் பெட்டியோ சோப்புப் பெட்டியோ சிகரெட் பெட்டியோ, எதுவானாலும் முதல் தாள் என் மேஜைக்கு வரும். சிவப்புப் பேனாவால் திருத்தி, கீழே ‘பிழை இல்லை’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் ஓடும். அச்சகத்தில் என்னைப் பிழையம்மா என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் என் கணவர்.

அவர் அங்கே நாலாம் மிஷினை ஓட்டினார். சிகரெட் பெட்டிக்கென்று ஒதுக்கிய மிஷின். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கம்பெனிக்காரர் ஒருவர் மாதம் இரண்டு முறை வருவார். போகும்போது மிஷினில் நிற்பவர்கள் கையில் ஆளுக்கு இரண்டு பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போவார். “நம்ம கையால அடிச்ச பெட்டி, உள்ள என்ன இருக்குன்னு நாம பாக்க வேண்டாமா?” என்று இவர் சிரிப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஆகிவிட்டது.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கலாம்.’ நலத்துக்குப் பின்னால் ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விழுந்திருக்கும். கையெழுத்துப் போடுவேன். பதினெட்டு வருஷம் அந்த வரியில் எழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை.

வீட்டில் நான் சண்டை போடாமல் இல்லை. குளியலறையில் அவர் இருமுகிற இருமலுக்கு எதிர்வீட்டு நாய் குரைக்கும்.

“ஏங்க, போதும். விட்டுடுங்க.”

“விட்டுடலாம். இந்த மாசம் வேலை ஜாஸ்தி.”

அடுத்த மாதம், “பொண்ணு பரீட்சை முடியட்டும், விட்டுடலாம்.” அதற்கும் அடுத்த மாதம், “விட்டுடலாம்னுதானே சொல்றேன்? விடமாட்டேன்னா சொன்னேன்? அதுலயும் பிழை பாக்காதே தாயே.” எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

எச்சிலில் ரத்தம் வந்தபிறகு படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி, இடது நுரையீரலைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். “மருந்து ஏத்திப் பாக்கலாம். பிழைக்கலாம்” என்றார். ஏழு மாதம் ஏற்றினார்கள். கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்கும்போது, இரண்டு விரலைச் சேர்த்து உதட்டுக்குக் கொண்டுபோவார். நடுவில் ஒன்றும் இருக்காது. இழுப்பார். இழுத்ததை வைக்க உள்ளே இடம் இல்லாமல் முகம் நீலமாகும். கையைப் பிடித்துக் கீழே வைப்பேன். அது மறுபடி எழும். ஒரு மத்தியானம் எழவில்லை.

அவர் போன நாலாம் மாதம் அரசாங்கத்தில் புது உத்தரவு வந்தது. இனிமேல் பொடி எழுத்து கூடாது, பெட்டி முகத்தில் பாதி அளவுக்குக் கறுப்புக் கட்டம், அதில் வெள்ளை எழுத்து. புதுப் பெட்டியின் முதல் தாள் என் மேஜைக்கு வந்தது. கூடவே உத்தரவின் நகலும்.

உத்தரவில் ‘புகை உயிரைக் கொல்லும்’ என்று இருந்தது. பக்கத்திலேயே ‘அல்லது அதே பொருள் தரும் சொற்கள்’ என்று தப்பிக்க ஒரு சந்தும் விட்டிருந்தார்கள். பெட்டியில், ‘புகை உயிரைக் கொல்லலாம்.’

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வரியைப் படித்தேன்.

‘ல’வையும் ‘லா’வையும் அடித்தேன். மேலே ‘லு’ போட்டேன். இரண்டு எழுத்தை எடுத்து ஒன்றைச் சேர்க்கிற வேலை, அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போடாமல் அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். கண்ணாடி அறையில் கம்பெனிக்காரரும் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி காட்டினார்கள். நான் உட்காரவில்லை.

“ஏம்மா, இது அவங்க எழுதிக் குடுத்த வாசகம். நம்ம வேலை எழுத்துப்பிழை பாக்கறது மட்டும்தானே?”

“அதைத்தான் பாத்தேன் சார்.”

கம்பெனிக்காரர் பல் தெரியச் சிரித்தார். “மேடம், ஊதறவங்க எல்லாருமா சாகறாங்க? எங்க பெரியப்பா எண்பத்தாறு வயசு வரைக்கும் ஊதினார். ‘கொல்லும்’னு போட்டா அது பொய்யாயிடும். அதனாலதான் ‘லாம்’. இலக்கணப்படி சரிதானே?”

இலக்கணப்படி சரிதான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போன வருஷம் மருந்துப் பெட்டியில ஒரு புள்ளி விழலை” என்று முதலாளியிடம் சொன்னேன். “இரண்டரை மில்லிகிராம், இருபத்தஞ்சு ஆயிடுச்சு. நாப்பதாயிரம் பெட்டியையும் கிழிக்கிற மிஷின்ல போடச் சொன்னீங்க. ஒரு மாத்திரைகூட யார் வாயிலயும் போகலை. ஆள் செத்துடுவாங்கன்னு நீங்கதான் பதறினீங்க. அதுக்கு ஒரு புள்ளி போதும். இதுக்கு எத்தனை பொணம் சார் வேணும்?”

“அவ்வளவு கெட்டதுன்னா அரசாங்கம் தடை பண்ணிட வேண்டியதுதானே?” முதலாளியின் குரல் ஏறியது. “தடை பண்ணலாம். நான் வேண்டாங்கலை. பண்ணினா நாலாம் மிஷின் நிக்கும். அதுல இருக்கிற பன்னெண்டு பேர் வீட்டுக்கு யாரும்மா பதில் சொல்றது?”

“பன்னெண்டுல ஒரு வீட்டுக்கு இப்ப சொல்லுங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன்.”

அவர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். கம்பெனிக்காரர்தான் இடையில் புகுந்தார். “வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா யாரும் அவர் வாயில வச்சுத் திணிக்கலையே. அவரவர் விருப்பம்.”

“விருப்பம்னா விடவும் முடியணும்” என்றேன். “செத்துக்கிட்டிருக்கிற மனுஷன் தூக்கத்துல வெறும் விரலை இழுத்தார். அது யாரோட விருப்பம்?”

அப்போது தடியன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, அதனால் அந்தப் பெயர். என் கணவருக்குப் பிறகு நாலாம் மிஷின் அவன் பொறுப்பு. கறுப்பு மையின் அடர்த்தி போதுமா என்று கேட்க ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தான். மேஜையில் விரித்து, அவன்பாட்டுக்கு உரக்கப் படித்தான்.

“புகை உயிரைக் கொல்லலாம். அட, கொல்லலாமா? யார் சார் பர்மிஷன் குடுத்தது?”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தாளை அங்கேயே விட்டுவிட்டு இருமிக்கொண்டே வெளியே போனான்.

கம்பெனிக்காரர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தாளைத் தன் பக்கம் திருப்பி வாயசைத்துப் படித்தார். பிறகு போனை எடுத்து வெளியே போனார். ஒரு நிமிஷம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

திரும்பி வந்தார். “மேடம் சொன்னது சரிதான். ‘லாம்’ வேண்டாம், தப்பா அர்த்தம் வருது. நல்லவேளை காட்டினீங்க. ‘கொல்லக்கூடும்’னு மாத்திடுங்க.”

என் சிவப்புப் பேனாவையே வாங்கி, நான் திருத்தி அனுப்பிய தாளில், ‘லு’வின் மேல் அதை எழுதினார். நான் பிடித்துக் கொடுத்த பிழை அவர்களுக்குத்தான் உதவியது. முதலாளி தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“போடும்மா.”

“மாட்டேன்.”

“வேலை போயிடும்னு தெரியும்ல?”

“போயிடலாமா, போயிடுமா சார்? சரியாச் சொல்லுங்க.”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். ‘பிழை இல்லை’ என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைக்கூட என்னிடம் திருப்பித் தரவில்லை. மத்தியானத்துக்குள் நாலாம் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அது ஓடினால் என் மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும். அத்தனை வருஷமும், என் கணவர் நல்லபடியாக நின்று ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளமாக இருந்தது. அன்றைக்கு டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் தடியன் என் மேஜைக்கு வந்தான். காதில் ஒரு சிகரெட் செருகியிருந்தது. கம்பெனிக்காரர் அன்றும் யாரையும் வெறுங்கையோடு விடவில்லை.

“அக்கா, கண்ணாடி வழியா எல்லாத்தையும் பாத்தேன். அண்ணன் இருந்திருந்தா விசில் அடிச்சிருப்பார்.” காதில் இருந்த சிகரெட்டைத் தொட்டுக்கொண்டான். “நானும் யோசிச்சேன்க்கா. இதை விட்டுடலாம்னு...”

“நிறுத்து!”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

“அந்த வார்த்தையை இத்தனை வருஷம் கேட்டுட்டேன்டா. கேட்டுச் சிரிச்சேன். இனிமே அதை என் மேஜைக்குக் கொண்டு வராதே. ஒண்ணு, விட்டுட்டேன்னு வா. இல்லேன்னா, விடமாட்டேன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டுப் போ.”

தடியன் காதிலிருந்து சிகரெட்டை எடுத்தான். விரல் நடுவில் அதை உருட்டினான். சாப்பாட்டு நேரம் முடிந்து நாலாம் மிஷினின் மணி அடித்தது.

“சொல்லிட்டுப் போடா” என்றேன்.