இசபெலுக்குப் போட்ட மாலை

படம் தொடங்கிய எட்டாவது நிமிடத்தில் இசபெல் செத்துப்போனாள்.

திரையில் கதாநாயகன் வீட்டுக்குள் நுழைகிறான். சுவரில் அவன் அம்மாவின் போட்டோ. அதற்குச் செவ்வந்தி மாலை, கீழே எரியும் மெழுகுதிரி. போட்டோவில் இருப்பது இசபெல்தான். ஈஸ்டருக்கு எடுத்த அதே நீலச் சேலை.

இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து நாகர்கோவில் தியேட்டருக்கு அவளோடு வேன் பிடித்து வந்த பதினான்கு பெண்களும் திகைத்துப் போனார்கள்.

“ஏட்டி இசபெலு, நீ எப்பம் செத்த?” என்றாள் பக்கத்து வீட்டு ஷிஜி.

“சும்மா கெட. இனி பழைய கதை காட்டுவான். அதுல வருவேன்.”

வரவில்லை.

கதாநாயகனின் அம்மாவாக நான்கு நாள் நடித்திருந்தாள். மீன் விற்கிற ஐம்பத்தாறு வயதுக்காரி அவள். ஏலக்காரனோடு அவள் போட்ட சண்டையைப் பார்த்துத்தான் இயக்குநர் கூப்பிட்டார். கடலுக்குப் போகக் கூடாதென்று மிரட்டும் இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் நின்று, “வள்ளம் இன்னிக்குப் போவும். தடுக்கணும்னா என்னைத் தாண்டிப் போ சார்” என்று சொல்ல வேண்டும். சொன்னாள். படப்பிடிப்புக் குழு மொத்தமும் கைதட்டியது. அதைக் காட்டத்தான் இத்தனை பேரையும் கூட்டி வந்திருந்தாள்.

திரும்பும்போது ஷிஜி விடவில்லை. “நாளைக்கு ஒரு வள்ளமும் எறங்காது பாத்துக்க. ஊருல சாவு விழுந்தா கடலுக்குப் போவப்பிடாதுல்லா?”

வேன் குலுங்கச் சிரித்தார்கள். இசபெலும் சிரித்துவைத்தாள். வீட்டு வாசலில் இறங்கியதுமே உதவி இயக்குநர் பிரைட்டனுக்கு போன் போட்டாள். மார்த்தாண்டத்துக்காரன், அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

“உங்க சீன் நல்லா வந்திச்சு அத்தே. அதாக்கும் பிரச்சினை. நீங்க பக்கத்துல நின்னா ஹீரோவுக்க வயசு தெரியுது.”

“அவருக்கு எத்தனை?”

“அம்பத்துநாலு.”

“எனக்கு அம்பத்தாறு. ரெண்டு வயசுலயா மக்கா நான் பெத்தேன்?”

பிரைட்டன் சிரித்தான். “அம்மா செத்துட்டாங்கன்னு வச்சா அவருக்குக் கோவமும் வருது, கதையும் ஓடுது. பின்னே, உங்க போட்டோ எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. ரெண்டாம் பாகத்துலயும் இருக்கு.”

இசபெலுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. “எப்பம் வரணும்?”

“வராண்டாம் அத்தே. போட்டோதான் கையில இருக்கே.”

“அப்பம் அந்தப் போட்டோவ எடுத்துரு. எனக்குச் சம்மதமில்ல.”

“அக்ரிமெண்டுல கையெழுத்துப் போட்டுத் தந்துட்டீங்களே.”

மறுநாள் விடியலில் எல்லா வள்ளங்களும் போய்விட்டன. அவள் கணவன் மரியான் மட்டும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஷிஜி விளையாட்டாகச் சொன்னது அவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நீரு போவல்லியா?”

“மாலை போட்டாச்சு. திரியும் கொளுத்தியாச்சு. சாவு விழுந்த வீட்டுல இருந்து எப்படிப் போவேன்? பங்குச் சாமியார் ஒரு ஆத்தும பூசை வைக்கட்டும்.”

“ஆருக்குப் பூசை? எனக்கா?”



இசபெல் விடுவிடுவென்று கடற்கரைக்கு நடந்தாள். மரியான் பின்னாலேயே ஓடினார். அவர்களுடைய சின்ன வள்ளம் தனியாகக் கிடந்தது. அதன் பின்புறத்தில் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

“வள்ளம் இன்னிக்குப் போவும். தடுக்கணும்னா என்னைத் தாண்டிப் போரும்.”

தள்ளினாள். கால்தான் மணலில் புதைந்தது; வள்ளம் அசையவில்லை.

“படத்துல உள்ள வசனமா இது?” என்றார் மரியான்.

“படத்துல இல்லாதது.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டு தோளைக் கொடுத்தார். வள்ளம் தண்ணீரில் இறங்கியது. எப்போதும் ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்து, வாறேன் என்று சொல்வார். இன்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு எஞ்சினை இழுத்தார்.

“ஓய், எனக்க மூஞ்சியப் பாத்துட்டுப் போரும்!”

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. வள்ளம் அலையைத் தாண்டும் வரை நின்று பார்த்தாள். அவர் திரும்பவில்லை.