டீசல் வரிசை

க்ளெனிஸுக்கு விடிந்ததிலிருந்தே வலது மணிக்கட்டு குத்திக்கொண்டிருந்தது. பதினான்கு குளிர்காலம் திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்த கை. இப்போது தேநீர்க் கோப்பையைத் தூக்கவே இடது கையைத் துணைக்குக் கூப்பிட்டது.

மெல்பர்னில் பல் பிடுங்கிச் சேர்த்த காசில் டாஸ்மேனியாவின் இந்தக் குன்றை வாங்கிய அலிஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார்: இன்று ஒயின் ருசி பார்க்க வருகிறவர்களுக்கு ஒழுங்காக ஊற்றிக் கொடுத்தால் இனி அவளுக்கு உள்வேலை. சொதப்பினால் திங்கட்கிழமை மறுபடி கத்தரியும் உறைபனியும்தான். எதில் என்ன ருசி, என்ன வாசம் என்று சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தார்.

"செர்ரி... மழையில நனைஞ்ச காடு..." என்று முணுமுணுத்தாள்.

"காட்ட எவன் நக்கிப் பாத்தான்?" பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த டிராக்டர் ட்ரெவ் கேட்டான்.

"வாய மூடு. மறந்துரும்."

வந்தவர்கள் எட்டுப் பேர். பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினைக் கோப்பையில் சுழற்றினார்கள், கொப்பளித்தார்கள், வாளியில் துப்பினார்கள். அவள் குனிந்து குனிந்து பறித்ததை அவர்கள் குனிந்து குனிந்து துப்பினார்கள். க்ளெனிஸ் காட்டையும் செர்ரியையும் தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

அடுத்து, எட்டு வருடத்து ரீஸ்லிங், வெள்ளை ஒயின். கழுத்தில் பட்டுத்துணி சுற்றியவர் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுக் கண்ணை மூடினார்.

"மண்ணெண்ணெய்!"

க்ளெனிஸ் வாசலில் பெட்டியோடு நின்ற ட்ரெவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறுவடைக்கு ஒரு மாதம் முன்புதான் ரீஸ்லிங் கொடி வரிசையில் டிராக்டரின் டீசல் குழாய் வெடித்துக் கொட்டியது. அவளும் ட்ரெவும் மண்ணை அள்ளிப்போட்டு மூடிவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

"மண்ணெண்ணெய் இல்லைங்க, டீசல்" என்றாள். "நாங்கதான் கொட்டுனோம். மேல மண்ணப் போட்டுட்டோம்."

"அடிப்பாவி, என்னையும் சேத்து மாட்டிவிட்டுட்டியே!" என்றான் ட்ரெவ்.

அலிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பட்டுத்துணிக்காரர் எழுந்து நின்றார். "பாத்தீங்களா, மண்ணோட கதை நாக்குல வந்து நிக்குது! இதுல எத்தனை பெட்டி இருக்கு?"

பத்தொன்பது இருந்தது. பத்தொன்பதும் போயிற்று.

வண்டி கிளம்பியதும் அலிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரீஸ்லிங்குக்கு வயசானா உலகம் பூரா அந்த வாசம்தான் வரும், க்ளெனிஸ். உங்க டீசலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப அத ஏன் தாள்ல எழுதல?"

"மண்ணெண்ணெய்னு எழுதுனா எவன் வாங்குவான்?"

க்ளெனிஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சரி, எனக்கு உள்வேலதான?"

"அங்கதான் சிக்கல். திங்கட்கிழமை அந்தப் பட்டுத்துணிக்காரர் இருபது பேரக் கூட்டிட்டு வராரு. அந்த வரிசையையும் உன்னையும் பாக்கணுமாம். நீ கவாத்து பண்ணிக்கிட்டே கதையச் சொல்லு. கையில கத்தரி இருந்தாத்தான் நம்புவாங்க."

"அது டீசல் இல்லன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"அத அவங்ககிட்ட சொல்லிராத."

திங்கட்கிழமை கொடிகளெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தன. இருபது பேரும் கையுறையோடு நின்று படம் எடுத்தார்கள். க்ளெனிஸ் கத்தரியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குழாய் வெடித்த கதையை இரண்டாம் முறையாகச் சொன்னாள். அலிஸ்டர் இன்னும் அவளுக்கு ஓர் உள்வேலை பாக்கி வைத்திருந்தார்.