செழியன் சாரின் இங்கிலீஷ்

எங்கள் மேனேஜர் செழியன் சார் நல்ல மனுஷன்தான். அவருடைய இங்கிலீஷோடுதான் எனக்குத் தகராறு. சாணார்பட்டியில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கடைக்காரர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் போடும் வேலை. முதல் ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம்தான் நிரந்தரம்.

நேரம் இருக்கிறதா என்று கேட்க மாட்டார், பேண்ட்விட்த் இருக்கிறதா என்பார். சுலபமாக முடிகிற வேலை அவருக்கு லோ ஹேங்கிங் ஃப்ரூட். புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு, பிறகு போனில் அர்த்தம் தேடுவேன். அதற்குள் பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். செவ்வந்தித் தோட்டத்திலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் முகேஷ்குமார் அன்றைய புதுச் சொல்லைக் கேட்டு வாங்கி, ஆடு மாடுகளிடம் பேசிப் பழகுவார். அந்தக் கூத்தைப் பார்த்தால் என் கவலை பாதி போய்விடும்.

மீதிப் பாதி அப்படியே இருந்தது. இந்த வேலை போனால் நான் வெளியூருக்குத்தான் போக வேண்டும். முகேஷை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

நிரந்தரம் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சார், "லெட்ஸ் சர்க்கிள் பேக்" என்பார். பிறகு பேசலாம் என்று அர்த்தம். கடைசியாகக் கேட்டபோது, சனிக்கிழமை மனைவியோடு எங்கள் பக்கமாகக் கொடைக்கானல் போவதாகச் சொல்லி, "வீ ஷுட் கிராப் எ பைட்" என்றார். சேர்ந்து சாப்பிடலாம் என்று போன் சொன்னது. பேச்சை முடிக்கிற வெறும் மரியாதைதான் அது என்று போன் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சாப்பிடலாம் என்று ஒருவர் சொன்னால் உலை வைத்துவிடுவோம்.

வைத்தோம். அத்தை ஒச்சம்மாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார். மதியம் தாண்டியும் ஆளைக் காணோம். அத்தை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாருக்குப் போனைப் போட்டேன்.

"சார், சோறு ஆறுது. எங்க இருக்கீங்க?"

எங்கள் ஊரை விட்டு வெகுதூரம் போய், செம்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தாராம். "வாரேம்மா" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ் அதுதான். காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இலை முன்னால் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டதும் அவர் கை நின்றுவிட்டது.

"கௌசல்யா, உங்கள எடுக்க வேணாம்னு திங்கக்கிழமை சொல்றதா இருந்தேன். மீட்டிங்ல நீங்க ஒரு கேள்வி கேட்டதில்ல. வேலைல அக்கறை இல்லன்னு நெனச்சிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகேஷ் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார்.

"புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சார்" என்றேன்.

சார் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே பாதி புரியாதும்மா. மேல உள்ளவங்க பேசுறத அப்படியே ஒப்பிக்கிறேன். எனக்கும் ஊரு மேலூர்ப் பக்கந்தான்."

அவர் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேல உண்டா இல்லையான்னு சொல்லிட்டுச் சாப்பிடப்பு."

எனக்காகப் பேசுவதாகவும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றும் சார் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றினேன்.

திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்குக்குப் பெரிய அதிகாரி இஷாக் சாரே வந்தார். என்னைக் கம்பெனியில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. "கௌசல்யா, ஹவ் வில் யூ மூவ் தி நீடில்?" என்றார். வழக்கம்போலத் தலையாட்டப் போன நான் நிறுத்திக்கொண்டேன்.

"சார், நீங்க கேக்குறது எனக்குப் புரியல."

அப்போது செழியன் சாரின் மைக் திறந்தது.

"எனக்கும் புரியல சார்."

இஷாக் சார் சிரித்துவிட்டார். நான் இருந்தால் புகார்கள் எப்படிக் குறையும் என்பதுதான் கேள்வியாம். இதைத் தமிழில் கேட்டிருக்கலாமே. எந்தக் கடைக்காரர் எதற்குக் கோபப்படுகிறார், யாரை எப்படிச் சமாதானப்படுத்தலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். முடித்ததும், "நீங்க நிரந்தரம்மா" என்றார்.

கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த முகேஷ், கேமரா ஓடுவது தெரிந்தும், தோட்டத்து மண் காலோடு உள்ளே வந்து அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.