சலீம் மாற்றாமல் விட்ட வயர்

துபாயிலிருந்து கணவன் சலீம் வரும் விமானம் மாலையில் திருவனந்தபுரத்தில் இறங்கும். அழைத்துவரக் கிளம்பிய சஃப்ரின், காரில் பேட்டரி விளக்கு எரிந்ததால் தென்காசி ஒர்க்‌ஷாப்பில் நிலைகொள்ளாமல் நின்றாள். அருவியில் குளிக்க வரும் சாரல் சீசன் கூட்டம் வேறு செங்கோட்டை ரோட்டை அடைத்திருக்கும்.

மெக்கானிக் மணிமுத்து மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் பதினாலு வோல்ட், பேட்டரியில் பன்னிரண்டரைதான்.

"பாட்டுப் பெட்டிக்காகப் பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டுனவரு, பழைய மெல்லிசு வயரையே விட்டுட்டாரே! கரண்டு எப்படிம்மா போவும்?"

"மாட்டுன அன்னைக்கே அவுகளுக்கு லீவு முடிஞ்சிட்டு அண்ணாச்சி. அப்படியே ஏர்போர்ட்டுக்கு ஓடுனாக."

தடித்த வயர் மாட்டியதும் பேட்டரியிலும் பதினாலு காட்டியது.

"இனி பாட்டு போட்டுட்டே போம்மா."

"போவும்போது போடுதேன். வரும்போது அவுக பேச்சே போதும்."