தொடக்கூடாத வண்டி

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலத்தில், அந்த ஊரில் நாலு சக்கர வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோட்டைக் கிடங்குக்கு அதிகாரியான துரை அதைக் கப்பலில் வரவழைத்திருந்தார். பச்சை வர்ணம், ஜன்னலுக்குப் பட்டுத் திரை, உள்ளே மெத்தை, ஏறி இறங்க இரண்டு படி. இழுப்பதற்கு இரண்டு வெள்ளை மாடுகள்.

துரை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறும்போது தம் துபாஷி ஆதிநாராயணனிடம், "மாடுகள் சும்மா நின்றால் கெட்டுப்போகும். தினமும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்" என்றார். துரை பேசுவதைத் தமிழிலும், ஊரார் பேசுவதைத் துரையின் பாஷையிலும் சொல்வது ஆதிநாராயணனின் வேலை. இருபது வருஷமாகச் செய்துவந்தார். எந்தப் பேச்சும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்போது அவருக்குச் சாதகமாகக் கொஞ்சம் வளைந்துதான் போகும். மாடுகளை ஓட்டச் சொன்னதை, 'வண்டியை நீயே வைத்துக்கொள்' என்று அவர் தமக்குத்தாமே மொழிபெயர்த்துக்கொண்டார்.

மறுநாளே ஊரில் தமுக்கடித்தார்கள். கோட்டை முத்திரை இல்லாமல் துரையின் வண்டியை யாரும் தொடக்கூடாது. வண்டி போகும் பாதையோரம் மீன் காயப்போடக் கூடாது. இரண்டும் துரையின் உத்தரவு என்று தமுக்குக்காரன் கூவினான். துரை அப்போது நடுக்கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை ஆதிநாராயணன் வீட்டு வேலையாகக் கிளம்பினார். காட்டூரில் ஒரு தவலை நெய் வாங்க வேண்டும். தையல்காரனிடம் கொடுத்த அங்கியை வாங்கி வர வேண்டும். அவர் மகளைக் கட்டப்போகிற வீட்டாரும் காட்டூரில்தான் இருந்தார்கள். அவர்கள் வாசலில் இந்த வண்டி கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சொல்லப்போனால் மற்ற இரண்டு வேலைகளும் இந்த மூன்றாவது வேலைக்காக உண்டாக்கப்பட்டவை.

வண்டி நின்றது. சம்பந்தி வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். பார்த்து முடித்ததும், இவ்வளவு இடம் இருக்கிறதே என்று சொல்லி, மூன்று மூட்டை நெல்லையும் பன்னிரண்டு பூசணிக்காய்களையும் உள்ளே ஏற்றினார்கள். வேண்டாம் என்றால் வண்டி தாங்காது என்று நினைத்துவிடுவார்களோ என்று ஆதிநாராயணன் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் வண்டிக்காரன் முனியன், "அச்சு முனகுது சாமி" என்றான்.

"மாட்டைப் பார்த்து ஓட்டு. அது ஒல்லாந்து மரம்."

ஏரிக்கரை மீனவர் குப்பத்தை ஒட்டிய பள்ளத்தில் ஒல்லாந்து மரம் முறிந்தது. வண்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தது. பூசணிக்காய்கள் உருண்டு ஆதிநாராயணன் மேல் ஏறின. நெய்த் தவலை அவர் மடியில் கவிழ்ந்தது.

முனியன் குதித்து அடியில் பார்த்தான். "பின் அச்சு போச்சு சாமி. கோட்டைத் தச்சர் வந்தாத்தான் ஆவும்."

"ஓடிப்போய்க் கூட்டிட்டு வா."

"போய்ட்டு வர பொழுது சாஞ்சிடும். தண்ணி ஏறுது பாருங்க."

முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற நேரம் அது. சக்கரங்களின் அடி ஏற்கெனவே நனைந்திருந்தது.

ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கரையேறி வந்தார்கள். முன்னால் வந்தவள் குப்பம்மாள். பத்தடி தள்ளி நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னா சாமி, வண்டி குந்திக்கிச்சா?"

"பார்த்துக்கிட்டு நிக்கிறியே! ஆம்பளைங்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லு."

"ஐயையோ, தொடக் கூடாதுனு தமுக்கு அடிச்சாங்களே. முத்திரை கீதா சாமி?"

"நான்தான் சொல்றேனே!"

"உத்தரவு தொரையோடது. நீங்க சொன்னா எப்படி? நாளைக்கு எங்கள கட்டி வச்சு அடிச்சா யாரு வருவாங்க?"

அவள் பயந்து பேசுகிறாளா, கேலி செய்கிறாளா என்று ஆதிநாராயணனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு பாஷை தெரிந்தவருக்கு அது பெரிய அவமானம்.

அதற்குள் அவள் புருஷன் சுப்பன் வந்தான். கட்டுமரம் கட்டுவதில் கைகாரன். கைகளைப் பின்னால் கட்டியபடியே குனிந்து அச்சைப் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் கட்டை குடுத்துக் கட்டினா கோட்டை வரிக்கும் போவும். ஆனா தொடாம எப்படிக் கட்டறதுனுதான் தெரியல."

ஆதிநாராயணன் யோசித்தார். உத்தரவு துரையுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டால் வேலை போகும். துரையுடையதுதான் என்று சாதித்தால் வண்டி போகும். தண்ணீர் கீழ்ப்படியைத் தொட்டது.

"துரை அந்த உத்தரவை மாத்திட்டார்" என்றார்.

"எப்போ?" என்றாள் குப்பம்மாள்.

"இப்பதான்."

"கடல்லேந்தா?"

"ஆமா."

"அப்போ அதையும் தமுக்கடிச்சுச் சொல்லிடுங்க சாமி. எல்லார் காதுலயும் விழுந்துட்டா அப்பால பேச்சு இல்ல பாருங்க."

தமுக்குக்கு எங்கே போவது? முனியன் காலியாகிவிட்ட நெய்த் தவலையை எடுத்து நீட்டினான். சிரிக்காமல் நீட்டினான் என்பதை அவனுடைய நல்ல குணத்துக்குச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். ஆதிநாராயணன் மேல்படியில் நின்றார். வேட்டியிலிருந்து நெய் சொட்டியது. மாட்டுச் சாட்டையின் பிடியால் தவலையைத் தட்டினார்.

"துரையவர்கள் உத்தரவு! ஆபத்து நேரத்தில் வண்டியைக் குப்பத்தார் தொடலாம்!"

"ஏரில கீறவங்களுக்குக் கேக்கல சாமி."

இன்னும் உரக்கக் கூவினார்.

"மீனு?" என்றாள் குப்பம்மாள்.

"மீனுக்கும் அச்சுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு உத்தரவு மாறி இன்னொண்ணு மாறலைனா சனங்களுக்குக் குழப்பமாப் பூடுமே."

தண்ணீர் இரண்டாவது படிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தவலை மறுபடி முழங்கியது. "பாதையோரம் மீன் காயப்போடலாம்!"

"சரி சாமி!" என்று ஏரிக்குள்ளிருந்து யாரோ பதில் குரல் கொடுத்தார்கள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பெண்கள் நெல்லையும் பூசணிக்காய்களையும் மேட்டில் இறக்கினார்கள். குப்பத்து ஆண்கள் பத்துப்பேர் நீளக் கழிகளைத் தோளில் கொடுத்து வண்டியைத் தூக்கினார்கள். சுப்பன் அடியில் புகுந்து, முறிந்த இடத்தின் இரு பக்கமும் கட்டைகளை வைத்து நார்க்கயிற்றைச் சுற்றினான். நடுவில் குச்சியைச் செருகி முறுக்கினான். கயிறு இறுகி மரத்தில் பதிந்தது.

ஆதிநாராயணன் ஏறப்போனார்.

"வண்டியத் தாங்கும்" என்றான் சுப்பன். "உங்களையும் சேத்துத் தாங்குமானு சொல்ல முடியாது."

அதனால் நெல்லும் பூசணிக்காய்களும் மேட்டிலேயே கிடக்க, துரையின் வண்டி காலியாகப் பட்டுத் திரையோடு முன்னால் போக, துபாஷி பின்னால் நடந்தார். கட்டு அவிழாமல் பார்த்துக்கொள்ளச் சுப்பனும் கூடவே வந்தான்.

கோட்டை வாசலில் துரை நின்றுகொண்டிருந்தார். எதிர்க்காற்று கப்பலைத் திருப்பிவிட்டிருந்தது.

"என்ன நடந்தது?" என்று தம் பாஷையில் கேட்டார்.

சுப்பன் துபாஷியிடம் சொன்னான்: "காட்டூர்லேந்து நெல்லும் பூசணிக்காயும் ஏத்தியாந்து அச்ச ஒடச்சிட்டாருனு சொல்லுங்க சாமி. நாங்க கட்டிக் குடுத்தோம்னு சொல்லுங்க."

ஆதிநாராயணன் துரையிடம் சொன்னார்: "மாடுகளுக்கு நடை கொடுக்கும்போது பள்ளத்தில் அச்சு முறிந்தது. இவன் கட்டினான்."

"உன் மேல் என்ன நெய் வாசனை?"

"அச்சுக்குப் போட்டது, துரையே."

துரை குனிந்து கயிற்றுக் கட்டைத் தட்டிப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். அசையவில்லை. "இவனைக் கோட்டைக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வரச் சொல்" என்றார்.

துபாஷி அதைத் தமிழில் சொல்ல, சுப்பன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நான் இன்னாத்துக்கு உள்ள வரேன்? வண்டி ஒடஞ்சா குப்பத்துக்குக் கொண்டாங்க. மீன்பாடு இல்லாத நாளாப் பாத்து வாங்க."

"துரையின் கருணையில் அவனுக்குப் பேச்சே வரவில்லை" என்று மொழிபெயர்த்தார் ஆதிநாராயணன். "ஆனால் கரையை விட்டு வந்தால் கைராசி போய்விடும் என்று மனம் உருகிச் சொல்கிறான்."

துரை சுப்பனைப் பார்த்தார். அவன் வாசல் பக்கம் திரும்பிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"அப்படியானால் வண்டிகள் அவனிடம் போகட்டும்" என்றார் துரை பெருந்தன்மையாக. "நீயே கூட இருந்து பார்த்துக்கொள்."

அடுத்த வாரமே கிடங்குப் பார வண்டி ஒன்றின் சக்கரம் உடைந்துபோனது. ஆதிநாராயணன் அதை இழுத்துவரச் செய்து குப்பத்துக்குப் போனார். பாதையின் இரண்டு பக்கமும் நெத்திலி காய்ந்தது. சுப்பன் ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். வருகிறேன் என்று கையைக் காட்டினான், வரவில்லை. துபாஷி கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்.

குப்பம்மாள் ஒரு கயிற்றின் நுனியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சும்மா குந்தினுதானே கீறீங்க. இத இழுத்துப் புடிங்க சாமி, முறுக்கணும்."

யாராவது பார்க்கிறார்களா என்று அவர் சுற்றிலும் பார்த்தார். குப்பமே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து கையை எடுத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.